நிலா காட்டும் தங்கக் கடிகாரம்: இரண்டு திருத்தமும் ஒரு வேண்டுகோளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ டாய் கட்டியிருந்த தங்க ரோலக்ஸ் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். திருச்சி தெப்பக்குளம் பக்கம் கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. கைக்கடிகாரத்துக்குத் தமிழ்ப் பத்திரிகை ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவது அபூர்வம் என்பதால் அந்தப் பக்கத்தை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டினேன். அதுவே வம்பாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் அதை நின்று படித்துவிட்டு, அதில் உள்ள தவறுகளை எனக்கே பாடமாக எடுக்கிறார்கள். ஆகவே இந்தக் கடிதம்.

விலை விவரம் எல்லாம் சரிதான். 2017 மே மாதம் ஜெனிவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் அந்தக் கடிகாரம் 50,66,000 சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது. அன்றைய மதிப்பில் 32 கோடி ரூபாய்க்கு மேல். 2002-ல் பேரரசரின் குடும்பத்தார் விற்றபோது கிடைத்தது 3,42,000 ஃபிராங்க். 1954-ல், தன் நாட்டின் தலையெழுத்தைப் பெரிய நாடுகள் ஜெனிவாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த சமயத்தில், அவர் அதே ஊரில் ஒரு கடையில் அதை வாங்கினார் என்பதும் சரி. (நாடு இரண்டாகப் பிரிகிற நேரத்தில் கடிகாரம் பார்க்க எப்படி மனசு வந்தது என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.)

முதல் தவறு, "ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் நூறு ஆண்டுகளுக்குத் தேதி மாற்ற வேண்டியதில்லை" என்று எழுதியிருப்பது. பாவோ டாயின் கடிகாரம் ரோலக்ஸில் 6062 என்ற மாடல். 1950-ல் வந்தது. 12 மணிக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு ஜன்னல்கள்: ஒன்றில் கிழமை, ஒன்றில் மாதம். தேதிக்கு டயலின் ஓரத்தைச் சுற்றி 1 முதல் 31 வரை எண்கள், அதைக் காட்ட நடுவிலிருந்து தனியாக ஒரு முள். 6 மணி இடத்தில் நிலா, அதே வட்டத்தில் சின்ன நொடி முள்ளும் ஓடும். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் அந்த மெஷினுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: மாதத்துக்கு 31 நாள். சாதாரண வருடத்தில் பிப்ரவரி 28 முடிந்து மார்ச் 1 காலையில் பார்த்தால் தேதி முள் 29-ல் நிற்கும். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்கள் முடியும்போதும் நாம்தான் கையால் தள்ளிவிட வேண்டும். 32 கோடி கொடுத்தவரும் தள்ளித்தான் ஆக வேண்டும்.

தானாகவே மாதக் கணக்கைப் பார்த்துக்கொள்கிற கடிகாரம் வேறு சாதி. கைக்கடிகாரத்தில் அதை முதலில் கொண்டுவந்தது படேக் ஃபிலிப் என்ற சுவிஸ் கம்பெனி, 1925-ல். (ஏலம் விட்ட ஃபிலிப்ஸ் வேறு, இது வேறு.) அந்த மெஷினே 1898-ல் பெண்கள் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிடும் சிறு கடிகாரத்துக்காகச் செய்தது. வாங்க ஆளில்லாமல் கிடந்ததை எடுத்துக் கைக்கடிகாரமாக்கினார்கள். பிறகு 1941-ல் 1526, 1518 என்ற மாடல்களைத் தொடர்ச்சியாகச் செய்ய ஆரம்பித்தார்கள். அதற்குள்ளே நான்கு வருடத்துக்கு ஒரு சுற்று வரும் சக்கரம் ஒன்று உண்டு. அதன் விளிம்பில் மாதங்களுக்கு ஏற்றபடி பள்ளம் வெட்டியிருக்கும். 30 நாள் மாதத்துக்குக் கொஞ்சம் பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம், லீப் வருட பிப்ரவரிக்கு ஆழம் சற்றுக் குறைவு. நெம்புகோலின் மூக்கு அந்தப் பள்ளத்தில் எவ்வளவு இறங்குகிறதோ, அதற்கேற்ப மாதக் கடைசியில் தேதி தாண்டும். அதுவும் 2100 மார்ச் 1 அன்று தப்பாகத்தான் காட்டும், ஏனென்றால் 2100 லீப் வருடம் இல்லை. சரி, அது நம் கவலை இல்லை.

இரண்டாவது தவறுதான் எனக்குத் தினமும் தலைவலி. "அமாவாசை, பௌர்ணமியைத் துல்லியமாகச் சொல்லும், பஞ்சாங்கமே தேவையில்லை" என்று எழுதிவிட்டீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து, "அப்போ தர்ப்பணத்துக்கு இதைப் பார்த்தே உட்காரலாமா?" என்று கேட்டார். வேண்டாம் சார், தினசரி காலண்டரையே பாருங்கள் என்றேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நிலா காட்டும் கடிகாரத்தில் டயலுக்கு அடியில் நீல நிறத்தில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதில் நட்சத்திரங்களும், எதிரெதிரே இரண்டு நிலாக்களும் இருக்கும். இரண்டு எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு நிலா ஜன்னலின் வலது பக்கம் மறையும்போது அடுத்தது இடது பக்கம் எட்டிப்பார்க்கத் தயாராக இருக்க வேண்டும், அதற்குத்தான். தகட்டின் விளிம்பில் 59 பற்கள். மெஷினிலிருந்து வரும் சிறு விரல் ஒன்று நாளுக்கு ஒரு பல் தள்ளும். ஒரு நிலாவுக்கு 59-ல் பாதி, இருபத்தொன்பதரை நாள். வானத்து நிலா ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு வர எடுத்துக்கொள்வது சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம். அந்த 44 நிமிடம் தகட்டுக்குத் தெரியாது. மாதா மாதம் கடிகார நிலா அவ்வளவு முந்திக்கொண்டே போகும். வருடத்துக்கு 9 மணி நேரம் ஆகிவிடும். இரண்டு வருடம், ஏழரை மாதத்தில் ஒரு நாள் முழுசாக முந்திவிடும். 135 பல் கணக்கில் செய்த உயர்ந்த வகைகளும் உண்டு. அவற்றில் ஒரு நாள் பிசக 122 வருடம் ஆகும்.

ஆனால் 135 பல் இருந்தாலும் அது திதி காட்டாது. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் 12 பாகை விலகுவதற்கு ஆகிற நேரம். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரத்துக்கும் இழுக்கும். அமாவாசை மத்தியானம் ஆரம்பித்து மறுநாள் காலையில் முடியும் நாளெல்லாம் உண்டு. கடிகாரமோ தினமும் ஒரே அளவு, ஒரே தள்ளு. அது சராசரி நிலாவைத்தான் காட்டும். பஞ்சாங்கம் கணித்தவர்கள் உண்மை நிலாவை விரட்டிப் பிடித்தவர்கள். சுவிஸ்காரனைக் குறை சொல்லவில்லை. கையில் கட்டுகிற பொருளில் 59 பல்லில் இவ்வளவு கிட்டத்தில் வந்ததே பெரிய விஷயம்.

கடிகாரத்து நிலாவின் உருவத்திலும் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. ஜன்னலின் இரண்டு பக்கமும் டயல் அரைவட்டமாக உள்ளே புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குப் பின்னாலிருந்து நிலா வெளியே வருவதால் பிறை அழகாக அமைந்துவிடும். ஆனால் அஷ்டமி நிலா வானத்தில் நேர்கோடாக வெட்டிய மாதிரி தெரியும், கடிகாரத்தில் அப்போதும் கடித்த மாதிரிதான் இருக்கும். இன்னொன்று, கடிகாரத்துப் பிறை செங்குத்தாக நிற்கிறது. ஜெனிவாவில் பிறை நம் ஊரைவிட நிமிர்ந்து தெரியும். நம் ஊரில் மாசி, பங்குனி மாதத்தில் மூன்றாம் பிறையைப் பாருங்கள், தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். கடிகாரத்தைக் கையோடு சாய்த்துப் பிடித்தால் பொருந்தும்.

இனி, கட்டுரையில் வராத விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு அம்மா மகனோடு கடைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதை மேசையில் கவிழ்த்தார். ஒரு டயல், மூன்று நான்கு முள், ஒரு மெஷின். கேஸ் என்கிற வெளிக்கூடு இல்லை. "அண்ணே, இதுக்கு ஸ்டீல்ல ஒரு கேஸ் கிடைக்குமா?" என்று கேட்டார். மாமனார் பினாங்கில் கணக்குப்பிள்ளையாக இருந்தபோது வாங்கிய தங்கக் கடிகாரமாம். சொத்துப் பிரித்ததில் இவர் பங்குக்கு வந்திருக்கிறது. ஓடவில்லை. நகைக்கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கல்லில் உரசிப் பார்த்து, 18 காரட் என்று சொல்லி, சேதாரம் கழித்து, ஒன்றரை சவரனுக்குக் கொஞ்சம் மேலே கணக்குப் போட்டுப் பணம் கொடுத்துவிட்டு, "உள்ளே இருக்கிறது எங்களுக்கு வேண்டாம்" என்று மிச்சத்தைக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். சாவி கொடுக்கிற மெஷின். கிழமை, மாதம், தேதி, நிலா நான்கும் உள்ளது. கேஸைப் பிரிக்கத் தெரியாமல் நெம்பியிருக்கிறார்கள். டயலின் அடியில் மெஷினில் ஊன்றும் இரண்டு கால்களில் ஒன்று ஒடிந்துவிட்டது. தேதிச் சக்கரத்தின் 31 பல்லும், கிழமையின் 7 பல்லும், மாதத்தின் 12 பல்லும் நன்றாக இருந்தன. ஒவ்வொன்றையும் இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் முடி போன்ற ஸ்பிரிங்குகளும் அப்படியே இருந்தன. நிலாத் தகட்டில் மட்டும் ஒரு பல் வளைந்திருந்தது. அந்த நீலம் கொஞ்சமும் மங்கவில்லை. நிலா ஒவ்வொன்றிலும் புருவமும் கண்ணும் மூக்கும், ஒரு மெல்லிய சிரிப்பும். அந்தச் சிரிப்பைத் தகட்டில் போட்டவர் கையில் எவ்வளவு மெல்லிய தூரிகை இருந்திருக்கும் என்று தெரியவில்லை. மெஷினில் தப்பு என்று பார்த்தால் பழைய எண்ணெய் பிசினாகி இறுகியதுதான். கழுவி எண்ணெய் விட்டிருந்தால் ஓடியிருக்கும்.

டயலில் எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தது என்பதை இங்கே எழுதவில்லை. அந்த அம்மா உங்கள் பத்திரிகையின் வாசகர். முழுசாக இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று தெரிந்தால் தூக்கம் போய்விடும். ஒன்றரை சவரன் எங்கே, அது எங்கே!

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானில் சைக்கோ கம்பெனி பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த அஸ்ட்ரான் மாடலின் கேஸும் 18 காரட் தங்கம். பத்து வருடத்தில் சாவி கொடுக்கும் கடிகாரத்தை யாரும் சீந்தவில்லை. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸ் 850 டாலருக்கு ஏறியது. ஓடாத பழைய கடிகாரம், உச்சத்தில் தங்கம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கேஸ்கள் உருக்குகிற இடத்துக்குப் போயின. பிறகு 1983-ல் பிளான்பெய்ன் என்ற சுவிஸ் கம்பெனி நாள், கிழமை, மாதம், நிலா எல்லாம் உள்ள மெஷின் கடிகாரத்தைச் சின்னதாகச் செய்துகொண்டு வந்தது. 1985-ல் ஐ.டபிள்யூ.சி. கம்பெனியின் டா வின்சி வந்தது. அதில் காலண்டர் முழுவதையும் சாவியாலேயே நகர்த்தலாம். நிலாவைக் காட்டித்தான் சுவிஸ்காரர்கள் பிழைத்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் பேட்டரிக் கடிகாரத்தில் கிடைக்காத ஏதோ ஒன்று இதில் இருக்கிறது என்று வாங்குகிறவனுக்குக் காட்ட நிலா ரொம்ப உதவியது.

நம் வீடுகளில் தங்கக் கடிகாரத்துக்கு மதிப்பில்லாமல் போவதற்கு இன்னொரு காரணம், அது 22 காரட் இல்லை. 916 பார்த்துப் பழகிய கண்ணுக்கு 750 (18 காரட்) என்றால் மாற்றுக் குறைந்த தங்கம். ஆனால் கேஸுக்கு அதுதான் சரி. 22 காரட்டில் செய்தால் மூடி நெளிந்துவிடும், பட்டை மாட்டும் கொம்பு வளைந்துவிடும். உங்கள் வாசகர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பின் மூடியைக் கடிகாரக் கடையில் திறக்கச் சொல்லி உள்பக்கம் பாருங்கள். சுவிஸ் 18 காரட் என்றால் ஒரு பெண்ணின் தலை முத்திரை, மிகச் சிறியதாக, இருக்கும். அது ஹெல்வெட்டியா, சுவிட்சர்லாந்தைப் பெண்ணாக உருவகிக்கும் வடிவம். 1995-க்குப் பிறகு வந்ததில் நாய்த் தலை. அணில் இருந்தால் 14 காரட். "20 மைக்ரான்" என்று எழுதியிருந்தால் முலாம், உருக்குவதற்கே ஒன்றும் இல்லை.

பாலிஷ் போடச் சொல்லாதீர்கள். தங்கம் மெத்து. ஒவ்வொரு பாலிஷிலும் கொம்பின் கூர் விளிம்பு மழுங்கும், முத்திரை தேயும், வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறவர்களும் வருகிறார்கள். வெள்ளை டயல் பழுப்பேறிப் பால்கோவா நிறத்துக்கு வந்திருந்தால் அப்படியே விடுங்கள். அதைப் புதுசாக்குகிற வேலையை நான் எடுப்பதில்லை, பணம் எவ்வளவு கொடுத்தாலும்.

எனவே வேண்டுகோள்: தாத்தா கடிகாரத்தில் நிலா இருந்தால் தராசில் வைப்பதற்கு முன்னால் ஒரு கடிகாரக்காரரிடம் காட்டச் சொல்லி நாலு வரி போடுங்கள். எங்கள் தொழிலில் பார்த்துச் சொல்வதற்குக் காசு கேட்கிறவர்கள் குறைவு.

கடிகாரம் ஓடுகிற நிலையில் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. பழைய காலண்டர் கடிகாரங்களில் பலவற்றின் பக்கவாட்டில் ஊசிமுனை அளவுக் குழிகள் இருக்கும். அதில் குத்தினால் நிலா, தேதி, கிழமை ஒவ்வொன்றாக நகரும். ஊசியாலோ காம்பஸ் முனையாலோ குத்தாதீர்கள், தங்கம் கீறிப்போகும். பல் குத்தும் மரக்குச்சி போதும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் விடியும் வரை தொடவே கூடாது. நள்ளிரவில் தேதி மாற்றுவதற்காக உள்ளே பற்கள் அப்போதே கோத்துக்கொள்ள ஆரம்பித்திருக்கும், அந்த நேரத்தில் குத்தினால் பல் ஒடியும். ஓடாமல் நின்றுபோன கடிகாரம் எட்டரையில் நின்றிருந்தால் அது காலையா ராத்திரியா என்று நமக்குத் தெரியாது. முள்ளை முன்பக்கமாகத் திருப்பித் தேதி எப்போது தாண்டுகிறது என்று பாருங்கள், அப்புறம் காலை ஆறு தாண்டும் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் குத்துங்கள்.

நிலாவைச் சரியாக வைக்க நமக்குச் சுலபம். தினசரி காலண்டரில் போன பௌர்ணமி எந்தத் தேதி என்று பாருங்கள். கடிகாரத்தில் முழு நிலா ஜன்னலுக்கு நடுவில் வரும் வரை குத்துங்கள். பௌர்ணமி முடிந்து எத்தனை நாள் ஆகியிருக்கிறதோ அத்தனை தடவை இன்னும் குத்துங்கள். முடிந்தது.

கடைசியாகப் படம். கட்டுரையோடு நீங்கள் போட்டது நிலா காட்டும் கடிகாரமே இல்லை. அது பகல் இரவு காட்டுவது. அதிலும் ஒரு தகடு சுற்றும், ஆனால் ஒரு பாதியில் சூரியன், மறுபாதியில் நிலா, 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. காலையில் சூரியன் ஏறும், சாயங்காலம் நிலா வரும். அமாவாசை அன்றும் முழு நிலாதான் வரும். இந்த வகை ஊரில் நிறைய இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு அதைக் கழற்றிக்கொண்டு வந்து, "இதிலும் நிலா இருக்கு, எத்தனை கோடி தேறும்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லி மாளவில்லை. பாவோ டாயின் கடிகாரம் கறுப்பு டயல், மணிக்குறிகளில் வைரம், ஆறு மணியில் நிலா ஜன்னல். ஏலத்தின்போது அதன் படங்கள் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தன. அடுத்த ஞாயிறு திருத்தம் போடும்போது அதில் ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கடிகாரம் பழுது பார்க்கும் வாசகர்,
திருச்சிராப்பள்ளி